செந்தூர அறையில் இருந்தவளுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை கட்டியிருந்த சேலையைத் துவைத்துக் காயப்போட்டு, மறுபடியும் துவைத்துவிட்டேன். இன்னும் அந்த வாசனை போகவில்லை. உனக்குத் தெரிந்த வாசனைதான். ஆளிவிதை எண்ணெயைக் கொதிக்கவைத்து அதில் குங்கிலியத்தை உருக்கி ஊற்றும்போது கிளம்புமே, மூக்கை அடைத்துத் தொண்டையில் போய் உட்காருமே, அந்த வார்னிஷ் வாசனை. கொடியில் தொங்கும் சேலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மகளிடம் சொன்னால், "விடும்மா, பிரஷர் ஏறிடப் போவுது" என்கிறாள். அதனால் உன்னிடம் சொல்கிறேன். நீ இருந்திருந்தால் என்னைவிட அதிகமாகக் கத்தியிருப்பாய்.

நம் கம்பெனியைத் திறந்திருக்கிறார்கள். நீ போன பிறகு மூடிப்போட்டு, சீமைக்கருவேலம் மண்டி, மதில் சரிந்து கிடந்த அதே இடம்தான். பெயிண்ட் செய்வதற்காக இல்லை. அதையெல்லாம் இப்போது வேறு மாநிலத்தில் பெரிய ஆலையில் செய்கிறார்களாம். இங்கே வரலாற்றுக் கூடம் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே கண்ணாடி போட்ட காபிக் கடை. பழைய ஆட்கள் வந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். கார் அனுப்புகிறோம் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

நம்மைக் கிட்டேயே விடமாட்டார்களே, அந்தப் பெரிய செப்புக் கொப்பரை, அதைத் தேய்த்துப் பளபளவென்று வாசலில் வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியில் வார்னிஷ் காய்ச்சிக் காட்டுகிறார்கள். வருகிறவர்கள் வாசனை பிடிக்க வேண்டுமாம். கல்லூரிப் பிள்ளைகள் குனிந்து முகர்ந்து பார்த்து, "சூப்பரா இருக்குதுல்ல" என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளே ஒரு பெண், என் பேத்தி வயதிருக்கும், மைக் பிடித்துக்கொண்டு கதை சொன்னாள். நாம் அத்தனை வருஷம் வேலை செய்தும் யாரும் நமக்குச் சொல்லாத கதை. விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் லண்டனில் அண்ணன் தம்பி இருவர் வார்னிஷ் காய்ச்சினார்களாம். குதிரை வண்டிகளுக்கும் சாரட்டுகளுக்கும் பூசுகிற வார்னிஷ். அண்ணன் அங்கேயே இருந்துகொண்டார். தம்பி கப்பலேறிச் சென்னைக்கு வந்து, கடலோரமாய் ஒரு கொட்டகை போட்டு அடுப்பு மூட்டினார். ரயில் பெட்டிகளுக்கு, கலெக்டர் பங்களாக் கதவுகளுக்கு, துரைமார்களின் பியானோப் பெட்டிக்குக்கூட அவர் சரக்குதான். காய்ச்சியதை உடனே விற்கமாட்டாராம். தொட்டியில் ஊற்றி மாதக்கணக்கில் தெளியவிட்டு, ஒரு தூசி இல்லாமல் தேன் மாதிரி ஆன பிறகுதான் டப்பாவில் அடைப்பாராம். "பொறுமைதான் எங்கள் முதல் மூலப்பொருள்" என்று சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அப்புறம் பெயிண்ட். மழையில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க ரயில் பாலங்களுக்கு முதல் பூச்சாக அடிக்கிற சிவப்பு. அதற்கு ஈயத்தைச் சுட்டெடுத்த செந்தூரப் பொடி. சுதந்திரம் வந்ததும் வெள்ளைக்காரக் குடும்பம் கம்பெனியை இங்கே ஒரு வியாபாரக் குடும்பத்துக்கு விற்றுவிட்டுக் கப்பலேறியது. பட்டணத்தில் வீடுகள் நெருங்கி, நெருப்புப் பயம் வந்து, இடம் தேடியவர்கள் நம் தர்மபுரிக்கு வந்தார்கள். ஏன் இங்கே வந்தார்கள் என்பதற்கும் ஒரு பலகை இருக்கிறது. 'வறண்ட காற்று, வார்னிஷ் தொழிலுக்கு உகந்தது' என்று. மழை பெய்யாமல் நம் ஆட்கள் மாட்டை விற்றதைக்கூட அவர்கள் தங்கள் பெருமையில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தக் காய்ந்த காட்டைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். என் அப்பாவின் நிலத்தில் கொள்ளுகூட முளைக்கவில்லை. உனக்குக் கல்யாணமாகிப் பாப்பாரப்பட்டிக்கு வந்த புதிது. உன் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். என்னை டப்பாவுக்கு மூடி அழுத்துகிற இடத்தில் போட்டார்கள். உன்னைப் பார்த்து சூப்பர்வைசர், "கை நிதானமா இருக்கிற பொம்பளைங்கதான் பவுடர் ரூமுக்கு வேணும். ஆம்பளைங்க சிந்தறானுங்க" என்றார். உனக்கு ஒரே பெருமை. என்னிடம் வந்து, "பார்றி ஸ்டெல்லா, உனக்கு டப்பா மூடி, எனக்குத் தராசு" என்று தோளைக் குலுக்கிக் காட்டினாய்.

செந்தூரப் பொடியைச் சல்லடையில் சலித்து, தகரக் கரண்டியால் அள்ளி, நிறுத்து, பையில் கட்ட வேண்டும். ஜன்னல் திறக்கக் கூடாது, காற்றில் பொடி பறந்து வீணாகிவிடும். வாய்க்குக் கட்ட ஒரு துண்டுத் துணி கொடுத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் நீ வெளியே வந்த கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. தலைமுடி, புருவம், காது மடல், நகக்கண் எல்லாம் சிவப்பு. குழாயடியில் நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்தாய். "குங்குமக் கடைக்குள்ள வுழுந்து எழுந்தவளாட்டம் இருக்கேன், இல்ல? எங்கூட்டுக்காரரு அடையாளம் தெரியாம தொரத்திவுடப் போறாரு." பஸ்ஸில் கண்டக்டர்கூட, "அம்மன் வந்துட்டாங்க, வழி வுடுங்கப்பா" என்று கேலி செய்தார். பஸ்ஸே சிரித்தது. நீயும்தான்.

மத்தியானத்துக்கு மேல் பவுடர் ரூம் பெண்களுக்கு மட்டும் ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார்கள். "வெல்லம் தின்னா பொடி உள்ள தங்காது, எறங்கிரும்" என்று சூப்பர்வைசர் சொல்வார். எங்களுக்கெல்லாம் கிடைக்கவில்லையே என்று பொறாமையாக இருக்கும். நீ பாதியைக் கடித்துவிட்டு மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து என் கையில் திணிப்பாய். கை கழுவ நேரம் விட்டார்களா என்று இப்போது யோசிக்கிறேன். விடவில்லை. நின்ற இடத்திலேயே சிவந்த விரலால் எடுத்துச் சிவந்த வாயில் போட்டுக்கொண்டாய். மருந்து என்று சொல்லி விஷத்தை வெல்லத்தில் தோய்த்துத் தின்னவைத்தார்கள்.

முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போனது. எல்லோருக்கும் நடக்கிறதுதான் என்றார்கள். அடுத்தது அவ்வளவு நாள்கூடத் தங்கவில்லை. உன் மாமியார் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு போனார். மந்திரித்த கயிறு, வேப்பிலை, மண்சோறு, எதையும் விடவில்லை. நீ திங்கட்கிழமை வேலைக்கு வந்து, கயிறு கட்டிய கையாலேயே பொடி அள்ளினாய். மூன்றாவதும் போனபோது மாமியாருக்கு வாய் திறந்துகொண்டது. பாப்பாரப்பட்டிச் சந்தையில், நானும் உன்னோடு காய் வாங்க நின்றிருந்தேன், அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "இவ வயித்துலயே புள்ளைய முழுங்குறவ. எம்மவன் தலையெழுத்து." தக்காளி விற்றவள் நிறுப்பதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தாள். நீ பையை எடுத்துக்கொண்டு நடந்தாய். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முருங்கைக்காய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய்.

அந்த வருஷம்தான் கம்பெனியிலிருந்து ஒகேனக்கல்லுக்கு பஸ் வைத்துக் கூட்டிப்போனார்கள். பரிசலில் ஏறும்போது நீ விளிம்பைப் பிடிக்கப் போனாய், மணிக்கட்டு மடங்கிக்கொண்டது. பரிசல்காரர் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டார். கரைக்கு வந்து மீன் வறுவல் வாங்கினோம். தட்டு உன் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. கையை நீட்டிக்கொண்டிருந்தாய், விரல்கள் மட்டும் நிமிராமல் தொங்கின. உடனே ஒரு சிரிப்பு. "மீனுக்கு இன்னும் உசுரு இருக்குது போல, ஆத்துக்கே ஓடுது பாரு!" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு தனியாக அழைத்துப் போய், உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினாய். பல்லோரமாக நீலத்தில் மை இழுத்தாற்போல் ஒரு கோடு. "பல்பொடி ஒத்துக்கலையாட்டம் இருக்குது" என்றாய்.

தர்மபுரியில் டாக்டர் வாயு என்று மாத்திரை கொடுத்தார். வயிற்றுவலியில் நீ தரையில் சுருண்டு கிடந்த ஒரு நாள், நானும் உன் அண்ணனும் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டரம்மாதான் முதல் முறையாக, "என்ன வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டார். சொன்னாய். உதட்டைத் தூக்கிப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். "அந்த ரூமுக்குள்ள இனிமே காலே வெக்கக் கூடாது. ஈயம் ரத்தத்துல ஏறியிருக்குது."

நீ எழுந்து உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"எம்புள்ளைங்க போனதும் அதனாலயாங்க?"

"இருக்கலாம்மா" என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நீ ஊருக்கு வந்தாய். வீட்டில் சொன்னாய். "இருக்கலாம்னுதான சொன்னாங்க, ஆமான்னா சொன்னாங்க?" என்று கேட்டார் உன் வீட்டுக்காரர். கம்பெனியில் மேனேஜர் அறையில் போய் நின்றாய், நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவர் குரல் உயர்த்தவே இல்லை. "இத்தனை பொம்பளைங்க அதே ரூம்ல இருக்காங்களேம்மா. உனக்கு மட்டும்னா அது உன் உடம்பு வாகு. ஒரு பொடியால இப்படியெல்லாம் ஆவும்னு யாருமே கேள்விப்பட்டது இல்ல." மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தை மாதத்தில் உன் வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். நீ பென்னாகரம் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போனாய். சிறுநீரகம் கெட்டு, முகம் வீங்கி, பேச்சும் குறைந்து, அங்கேயே முடிந்துபோனாய். உன்னைக் குளிப்பாட்டியபோது பின்னால் ஒருத்தி மற்றவளிடம் கிசுகிசுத்தாள், புள்ளைங்கள முழுங்குனவ என்று. நான் திரும்பிப் பார்த்தேன். என்ன சொல்லி அவள் வாயை அடைப்பது? என் கையிலும் அந்த 'இருக்கலாம்' ஒன்றுதான் இருந்தது.

இப்போது கேள். அந்தப் பவுடர் ரூமைத்தான் கடைசிக் கூடமாக வைத்திருக்கிறார்கள். வெள்ளையடித்து, ஜன்னல்களை அகலமாக்கி, குளிர்சாதனம் போட்டிருக்கிறார்கள். உள்ளே போனதும் எதிர்ச் சுவரில் நீ. ஆளுயரத்துக்கு. கையில் தகரக் கரண்டி, புருவமெல்லாம் பொடி, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிச் சிரிக்கிறாய். உன் முகத்துக்கு நேராக ஒரு விளக்கு. உனக்குப் பின்னால் மங்கலாக இன்னும் நாலைந்து பெண்கள். கீழே எழுதியிருந்தது: 'செந்தூர மங்கையர். எங்கள் சிவப்புக்கு உயிர் கொடுத்தவர்கள்.'

உயிர் கொடுத்தவர்கள். எழுதியவனுக்கு அது வெறும் அழகான வாக்கியம்.

பக்கத்துச் சுவரில் கையை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் ஒரு பலகை. லண்டன் அண்ணனின் குடும்பத்தைப் பற்றியது. முதலில் சும்மாதான் படித்தேன். பிறகு மறுபடி படித்தேன். அப்புறம் அந்த மைக் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, கண்ணு சரியாத் தெரியல. இதை எனக்குக் கொஞ்சம் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க."

பாவம், அது நல்ல பிள்ளை. மைக்கிலேயே படித்தது. "ஈயப் பொடி பெண்களின் உடலைக் கெடுக்கும், கருவைக் கலைக்கும் என்பதை அறிந்து, விக்டோரியா மகாராணி காலத்திலேயே இங்கிலாந்துச் சட்டம் ஈய அறைகளில் பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. எங்கள் லண்டன் ஆலை அதற்கு முன்பே தானாக முன்வந்து பெண்களை விலக்கிக்கொண்டது. தொழிலாளர் நலனில் நாங்கள் என்றுமே முன்னோடி."

"இப்ப அந்தப் படத்துக்குக் கீழ இருக்கிறதையும் படிங்க."

அது திரும்பியது. "செந்தூர மங்கையர்" என்று ஆரம்பித்தது. நின்றுவிட்டது. பலகையைப் பார்த்தது, படத்தைப் பார்த்தது. மைக்கை அணைத்தது.

"இந்தப் பொண்ணு உங்களுக்குத் தெரிஞ்சவங்களா பாட்டி?" என்று மெதுவாகக் கேட்டது.

"எஞ்சேக்காளி. மூணு புள்ளை வயித்துலயே போச்சு. அப்புறம் அவளும் போயிட்டா. எல்லாம் இந்த ரூமாலதான்."

கோட்டுப் போட்ட ஒருவர், கூடத்துக்குப் பொறுப்பாளராம், வேகமாக வந்தார். என்னை ஓரமாக அழைத்துப் போகப் பார்த்தார். நான் நகரவில்லை.

"அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குங்கம்மா தெரியும்?"

"தெரியாதுங்களா? உங்க செவுத்துல எழுதியிருக்குதே. ராணி உசுரோட இருக்கும்போதே தெரியும்னு நீங்கதான எழுதி வெச்சிருக்கீங்க? வெள்ளைக்காரப் பொம்பளைக்குத் தெரிஞ்சது, பாப்பாரப்பட்டிப் பொம்பளைக்கு மட்டும் தெரியாமப் போயிருச்சா?"

"அது வேற கம்பெனிம்மா, லண்டன்ல... நாங்க அப்புறமா வாங்கினது..."

"பெருமைன்னா ஒரே கம்பெனி. பொணம்னா வேற கம்பெனிங்களா?"

யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். நான் உட்காரவும் இல்லை, குடிக்கவும் இல்லை. வெளியே வந்து பஸ் ஏறினேன்.

மறுநாள் அந்த மைக் பெண் போன் செய்தாள். "பாட்டி, படத்தை எடுத்துட்டாங்க." பலகையையா என்று கேட்டேன். "இல்ல பாட்டி. பலகை அப்பிடியே இருக்குது. படத்தை மட்டும்."

அன்று எனக்கு வந்த கோபம் என் ஆயுசில் வந்ததில்லை. உன்னை ஒரு முறை வேலையிலிருந்து எடுத்தார்கள், ஒரு முறை வீட்டிலிருந்து எடுத்தார்கள். இப்போது சுவரிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். நேராகப் போனேன். "படத்தை எடுத்த எடத்துல மறுபடி மாட்டுங்க. அதுக்குக் கீழ நடந்ததை எழுதுங்க. மங்கையர் கிங்கையர் எல்லாம் வேண்டாம்" என்றேன். வக்கீல்களைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். கேட்கட்டும். உன்னோடு அந்த அறையில் இருந்தவர்களில் உயிரோடு இருக்கிற இரண்டு பேரைத் தேடிப் பிடித்துவிட்டேன். ஒருத்திக்கு இன்றைக்கும் மணிக்கட்டு நிமிரவில்லை. அடுத்த முறை மூவருமாகப் போகிறோம்.

அதற்கு முன்னால் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. நேற்று பாப்பாரப்பட்டிக்குப் போனேன்.

உன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. உன் மாமியார் இருக்கிறார். கண் மங்கி, காது மந்தமாகி, கட்டிலோடு கட்டிலாக. உனக்குப் பின்னால் வந்தவளின் மகள்தான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன். நினைவிருந்தது. காதருகே குனிந்து, கம்பெனிச் சுவரில் எழுதியிருந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். 'இருக்கலாம்' இல்லை, ஆமாம் என்று சொன்னேன். பொடிதான், அவள் இல்லை என்று சொன்னேன். அந்தப் பெண் கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கிழவி என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "அப்பிடின்னா சந்தையில வெச்சு நாஞ்சொன்னது பாவமாடி?" என்று கேட்டார்.

வயதானவர், சாகக் கிடக்கிறவர். போகட்டும் விடுங்க, அறியாமச் சொன்னீங்க என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். நாக்கு நுனிவரை வந்தது. நான் சொல்லவில்லை.

"ஆமாங்க. பாவந்தான்."

அவர் கண்ணோரம் நீர் வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை. அந்தப் பெண்தான் துடைத்துவிட்டாள். கிழவி காற்றுபோல ஒரு குரலில், "அதுங்களுக்குப் பேரு கீரு வெச்சிருந்தாளா?" என்றார்.

வைத்திருந்தாய். நாள் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும், வீட்டில் யாருக்கும் சொல்வதற்கு முன்பே, மூடி அழுத்தும் மெஷின் சத்தத்துக்கு நடுவில் வந்து என் காதில் மட்டும் சொல்வாய். ஆணென்றால் இது, பெண்ணென்றால் இது என்றெல்லாம் இல்லை. இந்தப் பிள்ளைக்கு இந்தப் பெயர் என்று முடிவாகச் சொல்வாய். மூன்று பெயர்கள். இந்த உலகத்தில் இப்போது எனக்கு மட்டும் தெரிந்தவை.

"வெச்சிருந்தா. எனக்குத் தெரியும். ஆனா உங்களுக்குச் சொல்ல மாட்டேனுங்க."

எழுந்து வந்துவிட்டேன். தெருமுனை வரை அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்து, பேசாமல் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுத் திரும்பிப் போனாள்.

உன் பிள்ளைகளின் பெயரை இந்த மடலிலும் எழுதப் போவதில்லை. அந்தச் சுவரில் உன் பெயர் ஏறுகிற அன்று, அதற்குக் கீழே அவர்கள் பெயரையும் நானே சொல்லி எழுதவைப்பேன். அதுவரை அவை என்னிடம் இருக்கட்டும். காலையில் ஜெபம் முடிந்ததும் மூன்றையும் ஒரு தரம் வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடித்ததும் கோபம் வருகிறது. அதை அடக்கிக்கொள்ள நான் ஆண்டவரிடம் கேட்பதில்லை.